கிணற்றுத் தண்ணீர் குடித்த கார்

என் கணவருக்குக் காது கேட்காமல் போன பிறகு அவருடைய காருக்கு நான்தான் காது. அவர் ஓட்டுவார். நான் பக்கத்தில் இருந்து சத்தம் கேட்டுச் சொல்லுவேன்.

நாற்பது வருடம் அடுத்தவர்களின் காரை வாடகைக்கு ஓட்டிய மனிதர். தனக்கென்று வாங்கியது இது ஒன்றுதான். எங்களிடம் வரும்போதே நாலு கை மாறியிருந்தது. வாங்கிய அடுத்த வருடம் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டது. கிழமைக்கு இரண்டு தரம், திங்களும் வியாழனும், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். மருதனார்மடத்தில் எங்கள் வீட்டு ஒழுங்கையிலிருந்து பஸ் வரும் பெரிய றோட்டுக்கு நடக்க அவரால் ஏலாது. ஓட்டோவில் குலுங்கினால் குமட்டிச் சத்தி எடுப்பார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கார் ஓடினால் அவர் இருப்பார். எனக்கு விளங்கியது அவ்வளவுதான்.

சத்தங்களின் பெயர் எனக்குத் தெரியாது. பிறத்தி ஆட்களோடு கதைக்கவும் எனக்கு வராது. கராச்சில் மெக்கானிக், "என்ன சத்தம் அண்ணை?" என்று கேட்டால் இவர் என்னைப் பார்ப்பார். நான் இவருடைய காதுக்குள் சொல்ல வேண்டும். இவருக்குக் கேட்கிற அளவுக்குச் சொன்னால் கராச் முழுக்கக் கேட்கும்.

ஒருநாள் பிரேக் பிடிக்கும்போது ஒரு சத்தம் வந்தது. "தேங்காய்ப்பூ முடிஞ்சு திருவலையில சிரட்டை தேயுற மாதிரிக் கிடக்கு" என்று இவருக்குச் சொன்னேன்.

மெக்கானிக் சிரித்தார். "அக்கா எனக்குச் சொல்லேல்லை. ஆனால் எனக்குக் கேட்டிட்டுது. பிரேக் கட்டை முடிஞ்சு இரும்பும் இரும்பும் தேயுது." சில்லைக் கழற்றிப் பார்த்தபோது அப்படியேதான் இருந்தது. "அக்காவை இஞ்சை வேலைக்கு எடுக்கலாம், அண்ணை."

"எடும், எடும். அவ வாய் திறக்க முதல் உம்மடை வாடிக்கை ஆக்கள் எல்லாம் வேறை கராச்சுக்குப் போயிடுவினம்" என்றார் இவர்.

அன்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை.

எஞ்சின் சூடாகத் தொடங்கியது அதற்குப் பிறகு. மெக்கானிக் ரேடியேற்றருக்குள் பச்சை நிறத்தில் ஏதோ தண்ணீர் ஒரு போத்தல் ஊற்றி, இன்னொன்றை எங்கள் கையில் தந்தார். "ஒவ்வொரு நாளும் காலமை எஞ்சின் ஆறிக் கிடக்கேக்கை திறந்து பாருங்கோ. குறைஞ்சால் இதை விடுங்கோ. முடிஞ்சால் வந்து வாங்குங்கோ."

குனிந்தால் இவருக்குத் தலை சுற்றும் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. போத்தலில் இருந்த எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாதது. மூன்று கிழமையில் அது முடிந்தது. கராச்சுக்குப் போனால் நாலைந்து ஆம்பிளைகள் நிற்பார்கள். அவர்களுக்கு நடுவில் போய் நின்று, பெயர் தெரியாத ஒரு சாமானைக் கேட்க வேண்டும். இவரை அனுப்பினால் களைத்துப் போவார். தண்ணீர்தானே என்று கிணற்றில் அள்ளி விட்டேன். ஒவ்வொரு நாள் காலையும் குறைந்திருக்கும். ஒவ்வொரு நாளும் வாய் வரைக்கும் நிரப்பினேன்.

டாக்குத்தர் இவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து சொல்லியிருந்தார். நான் காருக்கு ஊற்றுவதைக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். "அது கேக்காமலே வாக்கிறீர். நான் கேட்டாலும் தாறீரில்லை" என்பார். பகிடியாகத்தான் சொல்லுவார். உதடு வெடித்திருக்கும்.

கார் மறுபடி சூடானது. "தண்ணி குறையுதோ அண்ணை?" என்று மெக்கானிக் கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். "எப்பவும் நிரம்பித்தான் கிடக்கு" என்று இவருடைய காதுக்குள் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் நிரப்புகிறவள் நான் என்று சொல்லவில்லை. தண்ணீர் குறையவில்லை என்றால் ஒழுக்கு இல்லை என்று நினைத்து மெக்கானிக் எஞ்சின் விசிறியை மாற்றினார். பிறகு வேறு எதையோ மாற்றினார். இரண்டு நாளைக்குச் சரியாக இருக்கும். மூன்றாம் நாள் சூடு காட்டும் முள் மேலே போகும்.

போன வருடம் வெயில் காலத்தில் ஒரு நாள். அதற்கு முந்திய தடவை காய்ச்சலால் இவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கால் இரண்டும் ஊதி, செருப்பு கொள்ளவில்லை. கொக்குவிலில் ரயில் கடவை பூட்டிக் கிடந்தது. எங்களுக்கு முன்னால் ஏழெட்டு வாகனம். நிற்கிற காருக்குள் உலைத்தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது.

"இஞ்சருங்கோ, கொதிக்குது."

இவருக்குக் கேட்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கி முள்ளைக் காட்டினேன். அணைக்க முதல் முன்பக்கத்தால் வெள்ளைப் புகை வந்தது. பிறகு கார் உயிர் பெறவேயில்லை.

இவரை ஒரு மதில் நிழலில் இருத்திவிட்டு ஓட்டோ மறிக்கப் போனேன். இரண்டு வெறும் ஓட்டோ என்னைத் தாண்டிப் போயின. கையை உயர்த்துகிறேன் என்றுதான் நினைத்தேன். இடுப்புக்கு மேலே அது எழவில்லை. மூன்றாவது வந்தபோது றோட்டின் நடுவில் போய் நின்றேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இவருடைய முறை தாண்டிவிட்டது. மூச்சு இழுத்ததால் வாட்டிலேயே படுக்க வைத்து மறித்தார்கள். ஆறு நாள் வைத்திருந்தார்கள்.

நாங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, காரைக் கராச்சுக்கு இழுத்துக்கொண்டுபோயிருந்த மெக்கானிக் சைக்கிளில் வந்தார். வாசல் படலைக்குள்ளேயே நின்றார்.

"ரேடியேற்றரை வெட்டிப் பாத்தனான் அக்கா. கேத்திலுக்குள்ள பிடிக்கிற மாதிரி வெள்ளைக் கல்லு. கிணத்துத் தண்ணியோ விட்டனீங்கள்?"

எங்கள் பக்கத்துத் தண்ணீர் அப்படித்தான். வருடத்துக்கு இரண்டு தரம் தேத்தண்ணிக் கேத்திலின் அடிக்கல்லைக் கரண்டியால் சுரண்டுகிறவள் நான்.

"ஓம், நான்தான் விட்டனான்" என்றேன். அவரோடு நேரே கதைத்தது அதுதான் முதல் தடவை.

"குறைஞ்சதோ?"

"ஒவ்வொரு நாளும்."

அவர் தலை குனிந்துகொண்டார். "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் ஒழுக்கைப் பிடிச்சிருப்பன். இனி எஞ்சின் செய்யேலாது அக்கா. அதின்ரை தலை வெடிச்சுப்போச்சு."

கட்டிலிலிருந்து இவர், "என்னவாம்?" என்று கேட்டார். கார் பழசு, அதுதான் என்று சொல்லியிருக்கலாம். நான் காதுக்குள் எல்லாவற்றையும் சொன்னேன். அயல் முழுக்கக் கேட்டிருக்கும்.

"ஏன் போய் வாங்கேல்லை?"

"வெக்கமாக் கிடந்தது."

"என்னட்டைச் சொல்லுறதுக்குமோ?" என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை.

அதற்குப் பிறகு ஓட்டோவில் போனோம். றோட்டின் ஒவ்வொரு பள்ளம் கிடங்கிலும் என் கையை இறுக்கிப் பிடிப்பார். இணுவிலில் ஒரு தரம், கொக்குவிலில் ஒரு தரம் நிறுத்திச் சத்தி எடுப்பார். மூன்றாவது மாதம் ஒரு வியாழக்கிழமை, ஓட்டோ வாசலில் நிற்க, போட்ட சேட்டின் பொத்தான்களைத் திரும்பக் கழற்றினார்.

"போய்ச் சொல்லும், இண்டைக்கு வரேல்லையெண்டு."

வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. படலைக்குப் போய் ஓட்டோக்காரரிடம் சொன்னேன். திங்கட்கிழமையும், இவருடைய கால் இரண்டும் ஊதிக் கிடக்க, நான்தான் போய்ச் சொன்னேன். அடுத்த வியாழன் ஓட்டோவை வரச் சொல்லவில்லை.