மூன்றாம் முறை எழுதாத பரீட்சை

மகள் இரண்டாம் முறை எழுதிய உயர்தரப் பரீட்சைக்குப் பலனாகப் பல்கலைக்கழகக் கடிதம் வந்தபோது நாங்கள் ஜெயபுரத்தில் இருந்தோம். உருத்திரபுரத்து வீட்டையும் வயலையும் விட்டு வந்து ஒரு மாரி கழிந்திருந்தது. தெரிந்த ஒருவரின் வளவில் தடி நட்டு, கிடுகு வேய்ந்து, மேலே தரப்பாள் இழுத்துக் கட்டியிருந்தோம். மழைக்கு அது போதாது, வெயிலுக்கும் போதாது.

பேராதனை, பல் வைத்தியம் என்று கடிதத்தில் இருந்தது. மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம்தான் குறைவு. மனைவி கடிதத்தைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தாள். மகள் அதை எடுத்து இன்னொரு முறை வாசித்துவிட்டு, வாளியோடு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

பக்கத்துக் கொட்டிலில் இருந்த மனைவியின் தம்பி செய்தி கேட்டு வந்தான்.

"என்ன அத்தான், பல்லுப் பிடுங்கவோ பிள்ளை இவ்வளவு மண்ணெண்ணெய் எரிச்சுப் படிச்சது?"

"நீ வாயை மூடு," என்றாள் மனைவி.

"எல்லாரும் வாயை மூடினா மருமகளுக்குப் பிழைப்பில்லையே அக்கா."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கிணற்றடியில் துலா மேலே போய்க் கீழே வந்துகொண்டிருந்தது. எங்களுக்குத் தேவையான தண்ணீரைவிட அதிகமாகவே அவள் அள்ளினாள்.

பல்கலைக்கழகத்தில் பதிந்துவிட்டால் பரீட்சையை மறுபடி எழுத முடியாது. பதியாவிட்டால் இந்த இடம் போய்விடும். ஆவணியில் மூன்றாம் முறை எழுதலாம், அதுதான் கடைசி. மகளுக்கு எழுதவேண்டும்.

"பௌதிகம் மட்டுந்தான் அப்பா விழுத்தினது. இன்னுமொருக்கா எழுதினா மெடிசின் வரும்."

அதில் பொய் இல்லை. பௌதிகப் பரீட்சையன்று விடிய ஷெல் விழத் தொடங்கி, பங்கருக்குள் இருந்து எழும்பிப் போய் எழுதியவள். வீட்டுக்கு வந்து தலைக்கு எண்ணெய் வைக்கும்போதும் மயிருக்குள் மண் இருந்தது.

நான் சொல்ல நினைத்தது வேறு. வீட்டுக்கு ஒருவர் இயக்கத்துக்கு வரவேண்டும் என்று சந்திக்குச் சந்தி கூட்டம் நடந்த காலம். மகளோடு படித்த இரண்டு பிள்ளைகள் வகுப்புக்கு வருவதில்லை. புளியங்குளம் பக்கம் சண்டை ஓயவில்லை. வன்னியில் ஒரு வருடம் என்பது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. மகள் மருத்துவம் படிப்பதற்காக அந்த ஒரு வருடத்தை எடுத்துக் கொடுக்க என்னால் முடியவில்லை. அதை வாய்விட்டுச் சொன்னால் நடந்துவிடுமோ என்ற பயத்தில், நான் பல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். பல் டொக்டரும் டொக்டர்தான், முதல் பாடங்கள் எல்லாம் ஒன்றுதான், நிவாரண அரிசி வாங்க வரிசையில் நிற்கிறவர்களில் எத்தனை பேர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள் என்று. கூட்டுறவுச் சங்கக்கடையில் அந்த அரிசியை நிறுத்துக் கொடுக்கிறவன் நான். அதுவாவது எனக்குத் தெரியும்.

"எனக்கு மூளை காணாது எண்டு நினைக்கிறியள்," என்றாள் மகள். "நேரா அதைச் சொல்லுங்கோவன்."

கடைசியில் அவளுடைய இரசாயனவியல் ஆசிரியரிடம் கேட்பதென்று முடிவாயிற்று. அவரும் எங்களைப்போல இடம்பெயர்ந்தவர். வேம்பின் கீழ் பலகையைச் சாத்திவைத்து வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். மகளை சைக்கிள் பாரில் ஏற்ற முடியாத வயது. அவள் தன் சைக்கிளில் முன்னால் போக நான் பின்னால் மிதித்தேன்.

"பிள்ளை எழுதினா மெடிசின் எடுக்கும்," என்றார் ஆசிரியர், யோசிக்காமலே. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு அவள் மற்றப் பெண்களோடு கதைத்துக்கொண்டு நிற்க, அவர் என் சைக்கிள் வரை வந்தார். "எடுக்கிறதைப் பற்றித்தான் சொன்னனான். ஆவணி வரைக்கும் எல்லாரும் எங்க இருப்பம் எண்டு கேட்டியள் எண்டா, எனக்குத் தெரியாது." தன் வகுப்பைக் கையால் காட்டினார். நடுவில், பிள்ளைகள் இருக்கும் வாங்குகளில் இரண்டு வெறுமையாக இருந்தன.

வழியில் மகள் கேட்டாள்: "சேர் உங்களோட தனிய என்ன கதைச்சவர்?"

"ஒண்டுமில்லை. சைக்கிளுக்குக் காத்துக் காணாதாம்."

அவள் என் சில்லைப் பார்த்தாள். காற்று நிறையவே இருந்தது. வேகமாக முன்னால் மிதித்துப் போனாள்.

மறுநாள் காலையில் நான் முகம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் போறன் அப்பா."

நான் துவாயை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"டென்டல் பிடிச்சுப் போறன் எண்டு நினைக்க வேண்டாம். எனக்குப் பயம் எண்டும் நினைக்க வேண்டாம். நீங்கள் பயப்பிடுறியள். அதுக்காகப் போறன்."

அப்போதாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். "ஓம் பிள்ளை" என்று மட்டும் சொன்னேன்.

வன்னியை விட்டு வெளியே போக இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸ் எடுக்க ஒருவர் பிணை நிற்கவேண்டும். போனவர் திரும்பி வரும்வரை பிணை நின்றவர் வன்னியை விட்டுப் போக முடியாது. பாஸ் கொடுக்கிற இடத்தில் இருந்த பெடியன், "ஆர் பிணை?" என்று கேட்டான்.

"நான்தான். தகப்பன்."

"படிப்பு முடிய வருசங்கள் செல்லுமே, ஐயா."

"செல்லட்டும் தம்பி."

நான் கையெழுத்துப் போட்டேன். என்னைக் கட்டிவைத்துவிட்டு மகளை விடுகிற அந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. மகள்தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். வவுனியா வழியாகப் பேராதனைக்குப் போக அவள் கட்டிய பையில், இனித் தேவைப்படாத பௌதிக வினாத்தாள் கட்டும் இருந்தது. மனைவி எடுத்து வெளியே வைக்கப் போனாள். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன்.

ஆவணி வந்தது. பரீட்சை தொடங்கிய பிறகு, பௌதிகம் எந்த நாள் என்று நான் விசாரித்து வைத்திருந்தேன். அன்று சங்கக்கடையில் சொல்லிவிட்டு, பரீட்சை நடந்த பாடசாலைக்கு சைக்கிளில் போனேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. வேலிக்கு வெளியே மற்றப் பெற்றோரோடு நின்றேன். "உங்கட பிள்ளையும் எழுதுதோ?" என்று ஒருவர் கேட்டதற்குத் தலையை எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று நினைவில்லை. ஷெல் சத்தம் கேட்கிறதா என்று தெற்குப் பக்கம் காதைக் கொடுத்தபடி நின்றேன். முடிவு மணி அடிக்கும்வரை நின்றேன். பிள்ளைகள் விடையைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி அடுப்படியில் இருந்தாள். நான் எங்கே போனேன் என்று அவள் கேட்கவில்லை.

"சோதினை நடந்ததோ?"

"ஓம்."

"சத்தங்கள் ஏதும்?"

"இல்லை. ஒரு சத்தமும் இல்லை."

அவள் தேத்தண்ணியை ஊற்றி என் பக்கம் தள்ளிவைத்தாள்.