வண்டியை விட்டு இறங்காத குட்டன்

1. வர வேண்டாம்

செம்பூரில் ஒரு பொமரேனியனை வீட்டில் விட்டுவிட்டு வண்டியைத் திருப்பும்போது மாட்டுங்கா மாமியின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. சிக்னலில் போட்டுக் கேட்டேன்.

"செல்வி, வியாழக்கிழமைலேர்ந்து நீ வர வேண்டாம்மா. வேற ஆள் ஏற்பாடு பண்ணியாச்சு. தப்பா நெனச்சுக்காதே."

காரணம் எதுவும் இல்லை. பின்னால் இருந்த டெம்போக்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் சிக்னல் பச்சையானதைப் பார்த்தேன்.

நான் நாய்களை வண்டியில் கொண்டுபோய்க் கொண்டுவரும் தொழில் செய்கிறேன். வீட்டிலிருந்து டாக்டரிடம், குளிப்பாட்டி முடி வெட்டும் கடைக்கு, ஊருக்குப் போகிறவர்கள் நாயை விட்டுச்செல்லும் விடுதிக்கு. மும்பையில் ஆட்டோக்காரர் நாயைப் பார்த்தால் நிறுத்தமாட்டார். ஆப்பில் கூப்பிட்ட டாக்ஸி வாசல்வரை வந்து, நாயைப் பார்த்ததும் கேன்சல் செய்துவிட்டுப் போகும். செம்பூரில் ஒரு நாய் டாக்டரின் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருந்தபோது தினமும் இதைப் பார்த்தேன். கைக்குழந்தையைத் தூக்குவதுபோல முப்பது கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு மக்கள் வியர்த்து வருவார்கள். யோசனை அங்கே பிறந்தது.

தாராவியில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.காம். வரை படித்தேன். இதை நான் அடிக்கடி சொல்வேன், சொல்வதில் கூச்சமில்லை. வேலையை விட்டு பேங்க் லோனில் ஒரு பழைய வேன் எடுத்தேன். பின் சீட்டைக் கழற்றி ரப்பர் மேட் ஒட்டி, கூண்டுகளை நட்டு போட்டு இறுக்கி, வயதான நாய்கள் ஏறுவதற்கு ஒரு சாய்வுப் பலகையும் செய்துகொண்டேன்.

அம்மா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "பி.காம் படிச்சிட்டு நாய்க்கு டிரைவரா போறா. தெருவுல கேட்டா நான் என்னட்டி சொல்ல?"

"ஓனர்னு சொல்லும்மா."

"எதுக்கு ஓனரு? வண்டிக்கா, நாய்க்கா?"

முதல் நிரந்தர கஸ்டமர் மாட்டுங்கா மாமிதான். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். அவருடைய லேப்ரடார் குட்டனுக்குப் பின்னங்கால்களில் பலம் குறைந்துவிட்டது. வாரத்தில் செவ்வாயும் வியாழனும் செம்பூரில் தண்ணீர்த் தொட்டிக்குள் நடைப்பயிற்சி. மாமியின் வாய்ச்சொல்லை நம்பித்தான் அந்தத் தெருவே என்னைக் கூப்பிட்டது. மாமி போனால் தெரு போகும், தெரு போனால் லோன் கட்ட வண்டியை விற்க வேண்டியதுதான்.

2. ஏசி கார்

அந்த வேறு ஆள் யாரென்று மாமி கட்டடத்து வாட்ச்மேன் சொன்னான். அடுத்த தெரு வித்யா. அவளும் அதே தொழிலை ஆரம்பித்திருந்தாள். அப்பாவின் ஏசி கார். அதன் கதவில் பாதச் சுவடு ஸ்டிக்கர், கீழே 'ப்யூர் வெஜ் பெட் கேப்', அதாவது நாய்களுக்கான சுத்த சைவ டாக்ஸி என்று பச்சை எழுத்து.

அந்தப் பச்சை எழுத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். நாய் பயிற்சி வகுப்பில் நான் கற்ற முதல் பாடம், வண்டியில் ஏறும் நாய்க்கு உடனே அது விரும்பும் தின்பண்டம் கொடுக்க வேண்டும் என்பது. என் டப்பாவில் எப்போதும் வேகவைத்த கோழி ஈரல் இருக்கும். குட்டனோ தயிர்சாதம் தின்று வளர்ந்தவன். முதல் துண்டைத் தின்ற அன்று என் கையைக் கூட நக்கித் தீர்த்தான். அந்த வீட்டு நாய்க்குக் கோழி கொடுக்கலாமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் ஈரல் என்றால் உடம்புக்கு முடியாதவர்களுக்குக் கொடுப்பது.

வித்யாவின் பக்கத்தை ஃபோனில் பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. பெட்ரோல் பம்பில், கிளினிக் வாசலில், எங்கே வண்டி நின்றாலும் பார்ப்பேன். கறுப்புக் கண்ணாடி போட்ட நாய், ஏசிக் காற்றில் காது பறக்கும் நாய். அவள் இங்கிலீஷில் எழுதுவது தடங்கல் இல்லாமல் ஓடும். நான் எழுதுவது இலக்கணப்படி சரியாக இருக்கும், அவ்வளவுதான். அவள் யாரிடமும் தன்னை நிரூபிக்க வேண்டியதில்லை. அந்தத் தெருவிலேயே பிறந்தவள். மாமி வீட்டில் முதல் மாதம் நான் தண்ணீர் கேட்டபோது பேப்பர் கப்பில் வந்தது. வித்யாவுக்கு எவர்சில்வர் டம்ளரில் காபியே கிடைக்கும். அந்த டம்ளரை நினைத்து நான் பொருமியதுபோல வேறு எதற்கும் பொருமியதில்லை.

3. கேட்டில்

வித்யா வர ஆரம்பித்து ஒரு வாரம் கழித்து, வியாழக்கிழமை அந்தத் தெருவுக்குப் போனேன். பக்கத்துக் கட்டடத்தில் ஒரு நாயை ஏற்ற வேண்டியிருந்தது என்று எழுதலாம். இல்லை, பார்க்கத்தான் போனேன்.

குட்டன் ஏசி கார் கதவருகே உட்கார்ந்துவிட்டான். வித்யா முன்னாலிருந்து பட்டையை இழுக்கிறாள், வாட்ச்மேன் பின்னாலிருந்து தள்ளுகிறான். மாமி கேட்டில் நிற்கிறார். குட்டன் மாமியைப் பார்த்து ஊளையிடுகிறான். எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

வித்யா என்னைப் பார்த்துவிட்டாள். "அரே, நீங்கதானே அந்த வேன்? இவன் ஏறவே மாட்டேங்கறான். எப்படி ஏத்துவீங்க?"

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் சிரித்த முகத்தோடு கேட்டதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. அதற்குள் குட்டனுக்கு என் வாசனை எட்டிவிட்டது. பட்டையை இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி என் வண்டிக்கு வந்து, கதவை மூக்கால் முட்டி நின்றான்.

"பாருங்க, என்ன மேஜிக் இது," என்றாள் வித்யா.

நான் மாமியைப் பார்த்தேன். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். மாமியின் முகம் இறுகியிருந்தது.

"வித்யா, நீயே தூக்கிண்டு போ. நாழியாறது."

வித்யாவும் வாட்ச்மேனும் அவனைத் தூக்கிக் காரில் வைத்தார்கள். கண்ணாடி வழியாக மாமியைப் பார்த்து அழுதுகொண்டே போனான். மாமி கண்ணைத் துடைத்தார். "பாவம், என்னை விட்டுட்டுப் போறதுக்கு மனசே இல்லை அதுக்கு," என்று வாட்ச்மேனிடம் சொன்னபோது அந்தக் குரலில் வருத்தத்தைவிடத் திருப்திதான் அதிகம் இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. மாமியின் பின்னாலேயே படியேறினேன்.

4. டம்ளர்

"மாமி, ஒரே ஒரு கேள்வி. கோழி குடுத்ததுக்காகவா?"

மாமி சாவியைக் கதவில் வைத்தபடி திரும்பினார். "கோழியா? அது மொதல் நாளே தெரியும்டி எனக்கு. வாயை மோந்தா தெரியாதா? டாக்டரே முட்டை குடுக்கச் சொன்னார். என் கையால மாட்டேன்னேன். வெளியில யாரோ குடுத்தா குடுத்துட்டுப் போறான்னு விட்டுட்டேன்."

"அப்போ நான் தாராவிங்கிறதாலயா?"

"நீ எங்கேர்ந்து வந்தா எனக்கென்ன." இதை நான் முழுதாக நம்பவில்லை. பேப்பர் கப் நினைவில் இருந்தது. ஆனால் மாமி நிறுத்தவில்லை.

"நீ ஹாரன் அடிச்சா போறும், தின்னுண்டிருக்கற சாதத்தைப் பாதியில விட்டுட்டு ஓடறான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கறதில்லை. சரி, போகட்டும். திரும்பி வந்தா வண்டியை விட்டு இறங்க மாட்டேங்கறான். நான் வாசல்ல நின்னுண்டு குட்டா, குட்டான்னு கெஞ்சறேன். அவன் உன் மூஞ்சியைப் பார்க்கறான். வாட்ச்மேன் சிரிக்கறான். நீயும் சிரிக்கறே. போறாததுக்கு அதை வீடியோ எடுத்து, வீட்டுக்குப் போகமாட்டேங்கறான்னு ஊரெல்லாம் போட்டே. எனக்கு வேற யாருடி இருக்கா, கேட்டியோ? அந்தப் பொண்ணு கூட்டிண்டு போனா அழறான். திரும்பி வந்தா என் மேல ஏறி விழறான். எனக்கு அது போறும்."

அந்த வீடியோதான் அதிகம் பேர் பார்த்த என் விளம்பரம். அதில் மாமியின் குரல் கேட்கும். நானே பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு முறைகூட அந்தக் குரலைக் கவனித்ததில்லை.

டம்ளருக்காக நான் வித்யாவைப் பார்த்து எரிந்துகொண்டிருந்த நாளெல்லாம் மாமி என்னைப் பார்த்து எரிந்துகொண்டிருந்திருக்கிறார். உண்மையைச் சொன்னால், ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என்னைப் பார்த்து அதுவரை யாரும் பொறாமைப்பட்டதில்லை.

வீடியோவை அவர் முன்னாலேயே அழித்தேன். "ஒரே ஒரு தடவை குடுங்க மாமி. உங்க பழைய புடவை ஒண்ணு வேணும். நான் வரும்போது நீங்க கீழ தோசையோட நிக்கணும்."

"தோசை எதுக்கு?"

"அவனுக்குத்தான். உங்க கையால."

மாமி யோசித்தார். பிறகு உள்ளே போய்ப் புடவையோடு வந்தார்.

5. முதுகைக் காட்டி நிற்பது

அடுத்த முறை ஹாரன் அடிக்கவில்லை. குட்டனைக் கொஞ்சவில்லை, ஈரல் டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டேன். ரப்பர் மேட்டின் மேல் மாமியின் புடவை. மூக்கை அதில் புதைத்துக்கொண்டு செம்பூர்வரை போனான். திரும்பும்போது தெருமுனையில் மாமிக்கு ஃபோன் போட்டேன். கதவைத் திறந்து, பலகையை இறக்கி, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அவன் இறங்கவில்லை. என் தோளை முகர்வது தெரிந்தது. நான் திரும்பவேயில்லை.

"குட்டா, இங்க பாரு," என்றார் மாமி.

பலகையில் நகம் தேயும் சத்தம் கேட்டது. பிறகு மாமி சிரிப்பது கேட்டது. "மெதுவா, மெதுவாடா, தள்ளிடாதே என்னை."

மாமி அன்று ஒரு முடிவு சொன்னார். வியாழன் எனக்கு, செவ்வாய் வித்யாவுக்கே. ஏன் என்று கேட்டேன்.

"அப்பப்போ அவன் அழறதையும் நான் பார்க்கணுமோல்லியோ."

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பெண்கள் என்னிடம் வண்டியைப் பற்றியும் பெல்ட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். நாயை ஏற்றுவது வகுப்பில் கற்கக்கூடியது. திரும்பக் கொண்டுவந்து கொடுப்பதுதான் கஷ்டம். நாய் உங்களைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் ஓடினால் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இப்போது எனக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி வருகிறது. வித்யாவின் ஏசி மேல் எனக்கு இன்னும் கண் உண்டு. ஆனால் வியாழக்கிழமைகளில் என் எரிச்சல் வேறு. குட்டன் மாமியின் புடவையில் முகத்தைத் தேய்ப்பதை சைடு கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கியரைப் போடுவேன். அவன் திரும்ப மாட்டான். திரும்பக் கூடாது. தெருமுனை வரும்வரை கண்ணாடியைப் பார்த்துக்கொண்டுதான் ஓட்டுவேன்.