இலை போட்டிருந்த வேளை

தெய்வானையின் பழமரங்களை எந்த நேரத்தில் வெட்டினால் தடுக்க ஆள் வராது என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தான்!

ஜப்பானியர் மீது பழியைப் போட்டுவிடாதீர்கள். அவர்கள் செய்ததற்கு அவர்கள் பதில் சொல்லட்டும். இது என்னுடையது. மலாக்காவில், காஜா பெராங்கில், கம்போங் செட்டிக்குப் பின்புறம் நடந்தது. இத்தனை காலம் ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்க முடியாது என்பதும் அதற்கு ஒரு காரணம்... கோழைக்கு அது வசதி.

அப்போது நான் ஒரு விறகு முதலாளியிடம் கங்காணி. மரம் வெட்டும் ஆட்களைக் கட்டி மேய்ப்பது என் வேலை. உலகப் போரில் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்திருந்த, அரிசி கண்ணில் படாத காலம். சும்மா கிடக்கும் நிலத்தை வெட்டித் திருத்தி மரவள்ளி நடு என்று ஜப்பானியர் உத்தரவு போட்டிருந்தார்கள். பெட்ரோல் கிடைக்காமல் லாரிகள் கரியில் ஓடின. என் முதலாளிக்கு இரண்டு பக்கமும் யோகம்! மரத்தை விறகாக்கலாம், வெட்டிய இடத்தில் கிழங்கு நட்டு நல்ல பெயரும் வாங்கலாம். ஆனால் அவர் கண் கிழங்கின் மேல் இல்லை.

"சண்டை என்னைக்காவது முடியும் தம்பி. முடிஞ்சதும் ரோட்டோரமா வரிசையா கடை கட்டணும். அதுக்கு இந்த இடம்தான் தோது" என்றார்.

அந்த இடம் தெய்வானையுடையது.

தெய்வானை செட்டிப் பெண். கணவனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். அவள் வீட்டை ஒட்டிய அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். நெற்றியில் திருநீறு, வீட்டில் விளக்கு, வாயிலோ மலாய்! வணிகத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழரின் வழிவந்தவர்கள் இந்தச் செட்டிகள். தமிழ் எப்போதோ நாவை விட்டுப் போய்விட்டது. ரப்பர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. "மலாய்ல கும்பிட்டா சாமிக்குப் புரியுமா?" என்று நானும் அவளைச் சீண்டியிருக்கிறேன். அவள் சிரித்துக்கொண்டே சோறு போடுவாள். என்னை 'அபாங்' என்றுதான் அழைப்பாள். அண்ணன் என்று பொருள். அவள் மலாயில் சொன்னவற்றை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவள் நிலத்தில் டுரியான், மங்குஸ்தான், ரம்புத்தான் எல்லாம் நின்றன. முன்னோர் நட்டவை. எல்லைக் கல் என்று ஒன்றும் கிடையாது. கடைசி டுரியான் மரம் எதுவோ அதுவரை அவளுடையது, அவ்வளவுதான். யாரும் அதை மறுத்ததில்லை.

முதலாளி இரண்டு முறை ஆள் அனுப்பினார். நான் அப்போது புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கம் மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். இங்கே வந்தது வேறொரு கூட்டம். இரண்டு முறையும் செட்டிப் பெண்கள் ஆளுக்கொரு மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்கள். வெட்ட வந்தவர்கள் கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். முதலாளி ஜப்பானிய அதிகாரியிடம் அதை வெறும் புதர்க்காடு என்று சொல்லி அனுமதி வாங்கியிருந்தார். கூச்சல் அங்கே எட்டினால் அவர் கதை கந்தல்! ஆகவே, கூச்சல் எழாத ஒரு வேளை அவருக்குத் தேவைப்பட்டது.

அந்த வேளை எனக்குத் தெரியும்.

பழக்காலத்தில் செட்டிகள் முன்னோருக்குப் பழம் படைப்பார்கள். பார்ச்சு என்பார்கள். உறவினர் அனைவரும் மூத்த வீட்டில் கூடுவார்கள். தெய்வானையின் வீடுதான் அந்த வீடு. வாழையிலை போட்டு, சோறும் கறியும் பழமும் வைத்து, விளக்கேற்றிவிட்டு எல்லாரும் அடுத்த அறைக்கு விலகி நிற்பார்கள். முன்னோர் வந்து உண்ணும் நேரம் அது. அவர்கள் உண்டு முடிக்கும்வரை யாரும் பேசமாட்டார்கள், வாசற்படி தாண்டமாட்டார்கள். விருந்தாளியை உட்காரவைத்துவிட்டு வெளியே ஓடுவதற்குச் சமம் அது. முந்தைய ஆண்டு என்னையும் அழைத்து அவர்களோடு நிறுத்தியிருந்தாள். அதனால்தான் எனக்குத் தெரியும். வேறு எப்படித் தெரியும்?

முதலாளியிடம் அதைச் சொன்னேன். அதோடு விட்டேனா? தொழிலும் சொல்லிக்கொடுத்தேன்! ஒரு மரத்தைச் சாய்த்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போகாதீர்கள்... முதலில் எல்லா மரத்தையும் பாதி பாதி வெட்டிவிடுங்கள். பாதி வெட்டிய மரத்தைக் கட்டிப்பிடித்து ஒருத்திக்கும் பயனில்லை, அப்புறம் ஆற அமரச் சாய்க்கலாம் என்றேன். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கக்கேடு, ஆனால் இருந்தது.

ஏன் செய்தேன்?

சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள், முதலாளியைப் பகைத்தால் என்னையும் ஏற்றிவிடுவார்கள் என்ற பயம்... என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நீங்களும் நம்பியிருப்பீர்கள். சயாம் என்று சொன்னாலே எங்கள் ஆட்கள் தலை குனிந்துகொள்வார்கள். திரும்பி வராத எத்தனையோ பேரின் சாவை எடுத்து என் குற்றத்துக்குப் போர்வையாக்கப் பார்த்தேன்! அது பொய். விறகு வேலைக்காரன் என்று எனக்கு விலக்கு ஏற்கெனவே கிடைத்திருந்தது. என்னை யாரும் மிரட்டவில்லை.

வரப்போகும் கடை வரிசையில் மூலைக்கடை எனக்கு என்றார் முதலாளி. அதற்காகச் செய்தேன். அவ்வளவுதான்.

பார்ச்சு அன்று நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். வராமலிருந்தால் சந்தேகம் வரும் என்று போனேன். அவ்வாண்டு படையலுக்கு அரிசி இல்லை. தெய்வானை தெங்கேராவரை நடந்துபோய்த் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தும் ஒரு பிடிகூடக் கிடைக்கவில்லை. கிழங்கை அவித்து மசித்து, சோறு போலக் குவித்து வைத்தாள். வைக்கும்போது அவள் கை தயங்கியதைப் பார்த்தேன்.

விளக்கேற்றியாயிற்று. அடுத்த அறைக்கு விலகினோம். பேச்சு நின்றது.

கோடாலி விழும் ஒலி கேட்டது. ஒன்றல்ல, பல. நான் சொன்னபடியே எல்லா மரத்தையும் பாதி பாதியாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். பழுக்காத டுரியான்கள் பொத்துப் பொத்தென்று மண்ணில் விழுந்தன. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தெய்வானை ஓர் அடி எடுத்து வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வாய் பேசக்கூடாத வேளை. போகட்டுமா என்று கண்ணால்தான் கேட்டாள்.

நான் தலையசைத்தேன். போகாதே என்று. இலை போட்டிருந்த பக்கம் கையைக் காட்டினேன்.

என்னை நினைத்து நானே சிரிக்க வேண்டியதுதான்! அவர்கள் சாமியைக் கேலி செய்தவன், அன்று அவர்கள் முன்னோருக்குக் காவல் நின்றேன். அவள் நின்றுவிட்டாள். அவள் நின்றதால் மற்றவர்களும் நின்றார்கள். வெளியே ஓடியபோது எல்லா மரத்திலும் கோடாலி பாதி தாண்டியிருந்தது.

சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். நில அதிகாரிகள் வந்து எல்லையைக் காட்டச் சொன்னபோது அவளால் மரவள்ளிப் பாத்தியைத்தான் காட்ட முடிந்தது. முதலாளி தன் எல்லையில் முளையடித்துக் கம்பி கட்டியிருந்தார். அவள் போட்ட வழக்கு நிற்கவில்லை. கடைகள் எழுந்தன. மூலைக்கடை எனக்கு வந்தது. வாக்கு மாறாத மனிதர்!

இதோடு முடிந்திருந்தால் நான் ஒரு துரோகி, போகட்டும் என்று விட்டுவிடலாம். முடியவில்லை.

மரம் போன சில நாளில் தெய்வானை என் அறை வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. "எனக்குப் புரிஞ்சுபோச்சு அபாங். சோத்துக்குப் பதிலா கிழங்கு வெச்சேன்ல? மோயாங்குக்குக் கோபம். அதான் அவங்க வெச்ச மரத்த அவங்களே எடுத்துக்கிட்டாங்க" என்றாள். மோயாங் என்றால் முன்னோர்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஒரே வாக்கியம் போதும். உன் மேல் தவறில்லை, நான்தான் சொன்னேன் என்று... நான் பேசாமல் நின்றேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவள் அப்படி நினைத்ததில் எனக்கு நிம்மதி வந்ததா, இல்லையா? வந்தது! அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

அவள்தான் தூங்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தாலும், கூரை ஒழுகினாலும், மகளுக்கு வரன் தட்டிப்போனாலும் அந்தக் கிழங்குதான் காரணம் என்கிறாள். அவள் நல்ல சோறு உண்டு நான் பார்த்ததில்லை. அரிசி தாராளமாக வந்துவிட்ட பிறகும் முதல் பிடியை முன்னோருக்கு எடுத்து வைத்துவிட்டுத் தான் கிழங்கைத் தின்கிறாள். தண்டனையாம்.

மரம் வெட்டச் சொன்னதை ஒருவேளை என்னால் செரித்துக்கொள்ள முடியும். இதை முடியவில்லை. மரத்தை வெட்டியது ஒரே நாளில். இதை நான் நாள்தோறும் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

என் மூலைக்கடையில் பழக்காலத்தில் டுரியான் குவித்து விற்கிறேன். தன் மரம் நின்ற இடத்தில் நின்று, படையலுக்கு அவள் பழம் பொறுக்கி எடுக்கிறாள். நேற்று வந்திருந்தாள். ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து எடுத்தாள். தலை நரைத்துவிட்டது.

"நாளைக்கு வந்துடுங்க அபாங். இந்த வருஷம் புது அரிசி. இவ்வளவு வருஷம் ஆச்சே, என்னை மன்னிச்சிருப்பாங்களா?"

"மன்னிச்சிருப்பாங்க" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. பழக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். நாளை இலை போடுவார்கள். நானும் அவர்களோடு அடுத்த அறையில் வாய் மூடி நிற்பேன்.