எதிரே நிற்பவருக்கு நேராக

பச்சை குத்திப் பிழைக்கிறவனுக்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது கொஞ்சம் குறைவுதான். கிழக்கேகோட்டையில் மாடியிலிருக்கும் என் சின்னக் கடைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டட வேலைக்குப் போகிற ஒரு அக்கா வந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி இந்த மலையாள ஊருக்குப் பிழைக்க வந்தவர். முன்கையின் உள்பக்கத்தில் தன் பெயரைக் குத்தச் சொன்னார்.

“அங்க வேண்டாம்க்கா. புண்ணு ஆறுறதுக்குள்ள சிமெண்டுத் தண்ணி பட்டா மை நிக்காது. தோள்ல குத்தலாம்.”

“அங்கனதான் வேணும் தம்பி. நாளைக்கு ஊருக்குப் போறேன். ஆறுன பெறவுதான் வேலைக்கு வருவேன்.”

பெயரை அச்சுத்தாளில் தமிழில் அழகாக எழுதி, அந்தத் தாளைக் கையில் ஒட்டி எடுத்தேன். ஊதா நிறத்தில் எழுத்துகள் பதிந்திருந்தன. அதைப் பார்த்துவிட்டு, மலையாளத்தில் வேண்டும் என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

“உங்களுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியுமா?”

“தெரியாது.”

“பின்ன எதுக்கு?”

கலவைச் சட்டியை நீட்டுவதுபோல் இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார்.

“சட்டிய வாங்குத மேஸ்திரி மலையாளத்துக்காரரு. வந்த நாளுலேர்ந்து என்னைய பாண்டிச்சின்னுதான் கூப்பிடுதாரு. எம்பேரு எனக்குத் தெரியும்லா? அவருல்லா வாசிக்கணும்.”

தமிழர்களைக் கேலி செய்யும் அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் நானும் கேட்டவன்தான். தமிழ் எழுத்துகளை ஸ்பிரிட்டால் துடைத்தேன். மலையாளத்தில் எழுதிய தாளை அக்காவுக்குத் தலைகீழாக, எதிரே நின்று சட்டி வாங்குகிறவருக்கு நேராகத் திருப்பி ஒட்டினேன்.