மூன்றாம் பாகமா, முதல் பாகமா

மதுரைக் கண் மருத்துவமனை வராண்டாவில் உட்கார்ந்திருந்தபோது என் கணவர் கேட்ட முதல் கேள்வி, "மூணாம் பாகம் எங்கன இருக்கு?" என்பதுதான். இரண்டு கண்ணிலும் கட்டு. எம். புதுப்பட்டிப் பக்கம் அவர் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து கலக்கும்போது தீப்பற்றி முகத்தில் அடித்திருந்தது. அந்த நிலையிலும் மனுசனுக்குக் கதைப் புத்தகக் கவலை. எனக்குக் கோபம்தான் வந்தது.

அது ஏழு பாகம் கொண்ட மாய ராஜ்யக் கதை. சிவகாசியில் ஒரு வாடகைப் புத்தகக் கடையில் ஒவ்வொன்றாக எடுத்து, கம்பெனி வேனில் போகையிலும் வருகையிலும் படிப்பார். இரண்டு பாகம் முடித்திருந்தார். வேனில் கிடந்த மூன்றாவதை டிரைவர் எங்கள் நாரணாபுரம் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். விஷயம் தெரிந்து கடைக்காரரும் திருப்பிக் கேட்கவில்லை. நான் ஒரு அச்சகத்தில் டைரி பைண்டிங் பிரிவில் வேலை பார்ப்பவள். புத்தகம் என்றால் எனக்குத் தைத்து, ஒட்டி, அடுக்கி அனுப்புகிற லோடு. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க நேரமும் இருந்ததில்லை, ஆசையும் இருந்ததில்லை.

இடது கண் அன்றைக்கே போய்விட்டது. வலது கண்ணில் கார்னியா (கருவிழிக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற படலம்) வெந்திருந்தது. தானமாகக் கிடைக்கும் படலத்தை வைத்துத் தைத்தால் பார்வை வரலாம் என்றார் டாக்டரம்மா. வரும் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு என் பொழுதெல்லாம் சொட்டு மருந்தில் போனது. ஒன்றை விட்டுவிட்டு, கொஞ்சம் பொறுத்து அடுத்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, குனியக் கூடாது, அடுப்புப் புகை ஆகாது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேலையைக்கூடச் செய்துவிடலாம், நாளைக்கும் இதேதான் என்ற நினைப்புதான் ஆளைச் சாய்த்துவிடும்.

அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார். எனக்குப் பயமாகிவிட்டது. "அந்தக் கதைய நான் வாசிக்கட்டுமாங்க? மூணாவதுல இருந்து?" என்று கேட்டேன்.

"வேண்டாம். கண்ணு வரட்டும். நானே படிச்சுக்கிடுறேன்."

நான் வாசிக்க ஆரம்பித்தால் கண் வராது என்று ஆகிவிடும். அவர் மனதில் அதுதான் இருந்தது. எனக்கும் அதே பயம். புத்தகத்தைப் பரணில் தூக்கி வைத்தேன்.

படலம் கிடைத்து ஆபரேஷன் ஆனது. கொஞ்ச நாள் ஜன்னல் எங்கே இருக்கிறது என்று கை நீட்டிச் சொன்னார். என் சேலை நிறம் மங்கலாகத் தெரிகிறது என்றார். பிறகு கண் சிவந்து நீர் வடிந்தது. நிராகரிப்பு (வைத்துத் தைத்ததை உடம்பு வேற்றுப் பொருளாக எதிர்ப்பது) என்றார்கள். மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து, "இனிமே வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியும். இன்னொரு ஆபரேஷன்னு சொல்லி உங்களை அலைக்கழிக்க எனக்கு மனசில்லை," என்றார். என் கணவர் தலையை ஆட்டினார். நான்தான் அழுதேன்.

பஸ்ஸில் சிவகாசி வந்து சேர்ந்தோம். வீட்டில் சோறு போட்டு, குழம்பு எங்கே, பொரியல் எங்கே என்று அவர் கையைப் பிடித்துக் காட்டினேன். சாப்பிட்டுக் கை கழுவியதும், "ஏ செல்வி, கதைய வாசிக்கியா?" என்றார்.

பரணில் ஏறி மூன்றாம் பாகத்தை எடுத்துவந்தேன்.

"அது வேண்டாம். கடையில ஒண்ணாம் பாகம் கெடக்கும், நாளைக்கு எடுத்துட்டு வா. மொதல்ல இருந்து வாசி."

"அதத்தான் நீங்க படிச்சிட்டீகள்ல? ஏழும் வாசிச்சு முடிக்க எம்புட்டு நாளாகும்!"

"நீ படிக்கலையே. நான் மட்டும் ரெண்டு பாகம் முன்னால போயி நின்னு என்ன செய்ய? நாளுதான் கெடக்குல்ல."

இப்போது நான்காம் பாகத்தில் இருக்கிறோம். முன்பு அடுத்த செக்கப் வரை நாளை ஓட்டினோம். இப்போது என் தொண்டை கட்டாமல் இருந்தால் அது நல்ல நாள். பைண்டிங் முடித்துக் கை வலியோடு வந்து உட்காருவேன். பாதியில் நிறுத்தினால், "அம்புட்டுத்தானா?" என்று என் குரல் வந்த பக்கம் திரும்புவார். கண் என்னைத் தாண்டி எங்கேயோ நிற்கும். அசதியாகத்தான் இருக்கிறது. இன்னும் ஒரு பக்கம் வாசிக்கிறேன்.