மேஸ்திரி மீசை

அக்கா போய் ஓராண்டு ஆகிறது. எனக்கு அழுகை இன்னும் வரவில்லை. வெயில் வருகிறது, பால்காரர் வருகிறார், நினைவு நாளில் வாசிக்க எழுதித் தரச் சொல்லி உறவினர்கள் வருகிறார்கள். எழுதுகிறேன்.

நெல்லித்தோப்பில், மில் தொழிலாளி வீட்டில் மூத்தவராகப் பிறந்தார் அக்கா. அம்மா சீக்கிரம் போய்விட்டார். எனக்குச் சோறு ஊட்டியது, தலை வாரியது, அடித்தது எல்லாம் அக்காதான். நான் வேலைக்குப் போன பிறகே அவர் ஆசிரியர் பயிற்சிக்குப் போனார். கல்யாணம் என்ற பேச்சை எடுக்க விடவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், பக்கத்துத் தெருத் தொடக்கப்பள்ளியில் வேலை கிடைத்தது. முதல் நாள் கஞ்சி போட்ட புடவையில் நின்றவரைப் பார்த்து அப்பா, பிரெஞ்சுக்காரச் சீமாட்டியைச் சொல்வதுபோல், "மதாம் கெளம்பிட்டாங்க, வழி விடுடா" என்றார்.

அந்த வாரமே மதாம் அழுதுகொண்டு வந்தார்.

"நான் இனிமே போமாட்டம்பா."

"ஏம்மா, என்னா ஆச்சு?"

"போர்டு பக்கம் திரும்பினா போதும், புள்ளைங்க மேலுதட்டைத் தடவித் தடவிக் காட்டுதுங்க. எனக்கு மீசை இருக்குதாம்!"

அப்பா சிரித்த சிரிப்பில் காபி சட்டையெல்லாம் கொட்டியது. மில்லில் தறி ஓடும் இடத்தில் காதருகே கத்தினாலும் கேட்காது. அங்கே ஆட்கள் கையால்தான் பேசிக்கொள்வார்கள். மீசையைத் தடவினால், மேஸ்திரி வருகிறார், உஷார். அப்பாவுக்குக் கிடங்கில் வேலை என்பதால் அந்தப் பேச்சு எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. தறிக்காரர் பிள்ளைகளுக்கு அது வீட்டுப் பாஷை.

"அது ஒம் மீசை இல்லம்மா, எங்க மேஸ்திரி மீசை. ஒனக்குப் பதவி குடுத்திருக்குதுங்க. போய் வேலையைப் பாரு."

மறுநாள் அக்கா வகுப்பு வாசலில் நின்று, இல்லாத மீசையைத் தடவிக் காட்டினார். வகுப்பு கொல்லென்று சிரித்தது, பிறகு அடங்கியது. அதன்பின் தண்ணீர் குடிக்கப் போகக் கேட்பதும், போதும் உட்கார் என்பதும் கைப்பேச்சில்தான். மிச்சமான குரலைக் கதை சொல்ல வைத்துக்கொண்டார்.

புதிதாக வேலைக்கு வருகிற டீச்சர்களிடம் சொல்வார்: "சிரிக்குதுங்கன்னா உன்னைப் பாக்குதுங்க, பயப்படாத. அதுங்க என்னா பேசிக்குதுங்கன்னு மொதல்ல தெரிஞ்சிக்கோ. பாடம் எங்கயும் ஓடிப்போவாது."

கடைசியில் தொண்டையில் கட்டி. அறுத்தார்கள். குரல் போயிற்று. அக்காவின் வகுப்பை ஏற்றிருந்த புது டீச்சர் சுமதி ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலருகே நின்று கைக்குட்டையைப் பிசைந்தார்.

"எனக்கு இந்த வேலை ஒத்துவராதுக்கா. முதுகுக்குப் பின்னாடி என்னமோ காட்டிச் சிரிக்கிதுங்க. எழுதிக் குடுத்துட்டுப் போயிடலாம்னு இருக்கேன்."

அக்காவால் கையைத் தூக்க முடியவில்லை. முழங்கையை நான் தாங்கினேன். மெல்ல, இல்லாத மீசையைத் தடவினார்.

"ஐயோ, இதேதாங்க்கா! இதையேதான் காட்டுதுங்க!"

நான் கதையைச் சொன்னேன். சுமதி அழுதுகொண்டே சிரித்தார். அக்கா விரலால் கதவைக் காட்டினார். போ, மணி அடிக்கப் போறாங்க.

அடுத்த வாரம் அக்கா போய்விட்டார்.

இரவெல்லாம் உடனிருந்த நர்ஸம்மாக்களுக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், வரிசையில் நின்று பூப் போட்ட பிள்ளைகளுக்கும் நன்றி.

சென்ற வாரம், இந்த நினைவு நாளுக்கு அழைக்கப் பள்ளிக்குப் போனேன். சுமதி போர்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் ஒரு சிறுமி மேலுதட்டைத் தடவினாள். சுமதி திரும்பவில்லை. இடக்கையைத் தூக்கி, தம் மேலுதட்டைத் தடவியபடியே எழுதினார்.

வந்த வேலையை மறந்து வாசலிலிருந்தே திரும்பிவிட்டேன். அழைக்காமலே வந்திருப்பீர்கள், சுமதி டீச்சர். உங்களுக்கும் எங்கள் நன்றி.