திரை நிறைய என் காது

ஐம்பதைத் தாண்டிய பிறகும், கேமராவைக் கண்டதும் கூட்டத்தில் முண்டியடித்து முன்னால் போய் நின்றவன் நான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஆலத்தியூர்ப் பக்கம், சுண்ணாம்புக்கல் தோண்டிவிட்ட பள்ளத்தில் சினிமா எடுக்க வந்தார்கள். ஊர்க்கூட்டமாக நிற்க ஆள் கேட்டார்கள். வீடு நிறையப் புத்தகங்களை வைத்துக்கொண்டு சினிமாவை ஏளனம் செய்துவந்த நான், காலை ஆறு மணிக்கே தயார். பள்ளிக்கூட நாளிலிருந்து கூட இருக்கும் நண்பனையும் இழுத்துக்கொண்டு போனேன். யாராவது செல்போனைத் தூக்கினாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் அவன்.

"டேய், மறைக்கிறடா. தள்ளு," என்றான் பின்னாலிருந்து.

"ஒன் மூஞ்சியப் பாக்கத்தான் கேமரா வந்துருக்கா? சும்மா நில்லு."

படம் வெளிவருவதற்குள் அவன் போய்விட்டான். மாரடைப்பு. காரியம் முடிந்த இரண்டாம் மாதம் படம் வந்தது. அவன் மனைவி என்னைக் கூப்பிட்டனுப்பினாள்.

"அண்ணே, அவரு அசையிற மாதிரி ஒரு வீடியோகூட வூட்ல இல்ல. அந்தப் படத்துல வராருல்ல?"

"வராம? பக்கத்துல பக்கத்துல நின்னோம்மா."

"வருசம் திரும்பல, சினிமாவுக்குப் போறாளேன்னு பேசுவாங்க. பேசட்டும்ணே."

பெரம்பலூரிலேயே படம் ஓடிக்கொண்டிருந்தது. மேதாவி நான்தான், இங்கே கூட்டத்தில் முகம் தெரியாது, திருச்சியில் மூன்று மாடி உயரத்துக்குத் திரை இருக்கிறது என்று அவளை பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன்.

படத்தில் அந்தப் பள்ளம் வந்தது. வெள்ளைப் புழுதி, கூட்டம். கேமரா மெதுவாக எங்கள் பக்கம் திரும்பியது. அவள் முன்சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் ஒரு காது எழுந்தது. லாரி டயர் அளவுக்கு, ஓரமெல்லாம் மயிரோடு. என் காது. அதன் பின்னாலிருந்து ஒரு கை மட்டும் வெயிலை மறைக்க உயர்ந்து, இறங்கியது. வாட்ச் முகப்பு மணிக்கட்டின் உட்பக்கம் இருந்தது. அவன் அப்படித்தான் கட்டுவான்.

காட்சி மாறிவிட்டது.

"அவரு கை," என்றாள். என்னிடம் சொல்லவில்லை. மீதிப் படம் என்ன கதை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பும் பஸ் சமயபுரம் தாண்டியது. பிறகு சொன்னேன்.

"நான்தாம்மா மறைச்சுட்டேன். தள்ளுன்னு சொன்னான். நான் கேக்கல."

 பாடாலூர் வந்தபோது அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"காதுல இருக்குற முடியயாச்சும் வெட்டிட்டுப் போயிருக்கலாம்லண்ணே."